பறக்கும் தட்டுச் சத்தமெல்லாம் தெரமின் இல்லை: அணுயுகப் பாட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அணுகுண்டு, பறக்கும் தட்டு, செவ்வாய்க்காரன், ஸ்புட்னிக் என்று 1945-க்கும் 1963-க்கும் நடுவே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வந்த பாட்டுகளைச் சேர்ப்பவர்களும் சரி, அதே பாணியில் ஒன்றைச் செய்துபார்ப்பவர்களும் சரி, ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் இடம், ஆண்டு. எல்லாவற்றையும் ஒரே கிண்டல் கூடையில் போட்டுவிடுகிறோம். ஹிரோஷிமாவுக்குப் பின் உடனே வந்தவற்றில் பல கிண்டலே அல்ல. ஃப்ரெட் கிர்பி எழுதி 1946-இல் தட்டாக வந்த 'அட்டாமிக் பவர்' தேவாலயப் பாட்டின் தொனியில், அணுசக்தியைக் கடவுளின் கையோடு சேர்த்துப் பேசுகிறது. பறக்கும் தட்டு அதற்கு அடுத்த கட்டம்: 1947 ஜூன் 24 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் மலைப்பகுதியில் கென்னத் ஆர்னல்ட் என்ற விமானி ஒன்பது பொருள்களைக் கண்டதாகச் சொன்ன பிறகுதான் அந்தப் பெயரே நாளிதழ்களில் பரவியது. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்டது 1957 அக்டோபர் 4. தேதி அச்சிடாத இசைத்தட்டு கைக்கு வந்தால் இந்த இரண்டு நாள்களை வைத்தே கீழ் எல்லையைக் கட்டிவிடலாம்.

பெயர்க் குழப்பமும் உண்டு. 'அட்டாமிக் பவர்' பாடிய புக்கானன் பிரதர்ஸ் அமெரிக்கக் கிராமிய 'கன்ட்ரி' இசை ஜோடி. 1956-இல் 'த ஃப்ளையிங் சாசர்' வெளியிட்ட புக்கானன் அண்ட் குட்மன் வேறு ஆட்கள். 1969-இல் அதே புக்கானன் பிரதர்ஸ் என்ற பெயரில் இன்னொரு பாப் குழுவும் வந்தது. மூன்றுக்கும் ஒட்டு உறவு கிடையாது.

இசைத்தட்டின் எந்தப் பக்கம் என்பதையும் கவனியுங்கள். பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த கிளாக்' 1954-இல் வந்தபோது அது பின்பக்கம். ஹைட்ரஜன் குண்டு வெடித்து ஒரு ஆணும் பதின்மூன்று பெண்களும் மிஞ்சுவதாகக் கனவு காணும் 'தர்ட்டீன் விமன்'தான் முன்பக்கம். பிரபலமான பாட்டுக்காக வாங்கியவர்கள் பலர் இன்னும் திருப்பிப் போட்டுக் கேட்டதில்லை.

1958-இல் பில்போர்டு இதழின் பாட்டுத் தரவரிசையில் முதலிடம் பிடித்த ஷெப் வூலியின் 'த பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்' பாட்டை எல்லாரும் ஊதா நிறப் பூதம் என்றே வரைகிறார்கள். பாட்டில் அது தின்பது ஊதா நிற மனிதர்களை. ஆங்கிலத்தில் 'ஊதா' யாருக்கு அடை என்று பிரித்தறிய முடியாது, நகைச்சுவையே அதில்தான். தமிழில் சொல்ல முயன்றால் 'ஊதா மனிதரைத் தின்பவன்' என்றோ 'மனிதரைத் தின்னும் ஊதாப் பூதம்' என்றோ முடிவெடுத்தே தீர வேண்டும். தொகை விரிந்ததும் சிரிப்பு போய்விடும்.

இனி சத்தம். நெளிந்து வரும் மின்னொலி எதுவானாலும் 'தெரமின்' என்று எழுதுவதுதான் மிகப் பரவலான தவறு. தெரமின் என்பது தொடாமல் வாசிப்பது: ஒரு கை சுருதிக்கு, மறு கை ஒலியளவுக்கு. அதனால் சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப் போகும், தொடக்கமும் மெத்தென்று இருக்கும். 1947-இல் வந்த 'மியூசிக் அவுட் ஆஃப் த மூன்' தொகுப்பில் சாமுவேல் ஹாஃப்மன் வாசிப்பது அதைத்தான். லண்டனில் ஜோ மீக் 1962-இல் உருவாக்கிய 'டெல்ஸ்டார்' பாட்டில் கேட்பது கிளாவியோலின். அது கட்டைகளுள்ள கருவி, சுரம் படிக்கட்டுபோல் தனித்தனியாக விழும், நாகஸ்வரச் சீவாளியின் கரகரப்பு சற்று இருக்கும். அந்த ஒலி நமக்குப் புதிதல்ல. 1954-இல் வந்த 'நாகின்' இந்திப் படத்தின் மகுடி இசை கல்யாண்ஜி கிளாவியோலினில் வாசித்ததுதான். பீச் பாய்ஸின் 'குட் வைப்ரேஷன்ஸ்' பாட்டில் வருவதும் தெரமின் அல்ல. பால் டேனர் வாசித்த எலக்ட்ரோ-தெரமின் அது. அதில் கை காற்றில் அலையாது, குறியிட்ட தடத்தில் நகரும் பிடியைத் தள்ளுவார்கள். சுருதி சுத்தமாக நிற்பதே அடையாளம்.

இந்தப் பாட்டுகளில் பூதம் பேசும் கீச்சுக் குரலைச் செய்கிறவர்கள் மென்பொருளில் சுருதியை மட்டும் 12 அரைச்சுரம் ஏற்றிவிட்டு, பூதம்போல் இல்லையே என்று புலம்புவார்கள். அந்தக் காலத்தில் ஏறியது சுருதி மட்டுமல்ல. நாடாவை வினாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் பதிந்து 15 அங்குல வேகத்தில் ஓட்டினால் சுருதி, வேகம், தொண்டையின் இயல்பான அதிர்வு மூன்றும் சேர்ந்து இரட்டிக்கும். எனவே தொண்டை அதிர்வை மாறாமல் வைத்திருக்கும் 'ஃபார்மன்ட்' வசதியை அணைத்துவிட்டு, பதிவின் வேகத்தையே இரட்டியுங்கள். பின்னணி இசையை முதலில் பாதி வேகத்துக்கு இறக்கி, அதோடு சேர்ந்து பாட வேண்டும். 15 வினாடி வரிக்கு 30 வினாடி மூச்சுக்கட்டு தேவை. கமகமோ குரல் நடுக்கமோ வேண்டாம், அதுவும் இரட்டை வேகமாகி ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் ஆகும். 'ஸ', 'ச' ஒலிகள் காது எளிதில் பிடிக்காத உயரத்துக்கு ஏறி மங்கிவிடும், ஆகவே மெய்யெழுத்துகளை நிறுத்தி அழுத்துங்கள். எதிரொலியைக் கடைசியில் சேருங்கள், முன்பே சேர்த்தால் அறையும் சேர்ந்து சுருங்கும். முழு இரட்டிப்பு மிகையாகத் தோன்றினால் ஒன்றரை மடங்கு போதும், அது 7 அரைச்சுரம் ஏறும்.

இசைத்தட்டை ஓட்டுவதில் கெடுதல் நிரந்தரம் என்பதால் இங்கே நிதானம் வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுக்கு ஊசிமுனை சுமார் 75 மைக்ரான். வழக்கமான எல்பி நெடுந்தட்டு ஊசியை வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலையே வாசிக்கும். ஐம்பதுகளின் மோனோ (ஒற்றைத் தட ஒலி) 45 சுழற்சித் தட்டுகளுக்கு 25 மைக்ரான் உருண்டை முனை பொருந்தும். 45-இன் நடு ஓட்டை சுமார் 38 மி.மீ., அடாப்டர் தளர்ந்திருந்தால் சுருதி ஆடும். அதைப் பாட்டின் விண்வெளி விளைவு என்று நினைத்துவிட வேண்டாம். 78-களை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கவே கூடாது. அவை பெரும்பாலும் ஷெல்லாக், அதாவது அரக்கு, ஆல்கஹாலில் கரையும். அமெரிக்க 45-கள் பல வினைல் அல்ல, ஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். அவற்றுக்கும் ஆல்கஹால் ஆகாது. தேய்ந்த ஊசி ஒன்றிரண்டு முறை ஓடினாலே சரசரப்பு நிலைத்துவிடும்.

அறுபதுகளின் மறுவெளியீடுகளில் மோனோவைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியவை ஏராளம். இரு பக்கமும் சேர்த்து மோனோவாக மாற்றினால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், குரல் குழிவாகும். மோனோ பதிப்பையே தேடுங்கள்.

பழசுதானே, எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பது கடைசித் தவறு. 'த ஃப்ளையிங் சாசர்' செய்தியாளர் கேள்விக்குப் பிறர் பாட்டின் துண்டைப் பதிலாக ஒட்டிய தட்டு, அதற்கே உரிமையாளர்கள் வழக்குக்குக் கிளம்பினார்கள். பாட்டுக்கும் பதிவுக்கும் தனித்தனி உரிமை, நாட்டுக்கு நாடு வேறு கணக்கு. 'டெல்ஸ்டார்' பதிவுக்கு இந்தியாவில் 60 ஆண்டு 2022 முடிவோடு தீர்ந்தது. பிரிட்டனில் பழைய 50 ஆண்டு விதிப்படி 2012-இலேயே முடிந்தது. அமெரிக்காவில் 1957-க்கும் 1972 பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வந்த பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரை காப்பு. மெட்டு வேறு. ஜோ மீக் இறந்தது 1967, ஆகவே இந்தியாவில் 2027 முடியும்வரையும் பிரிட்டனில் 2037 முடியும்வரையும் மெட்டுக்கு உரிமை உண்டு.

மலிவுத் தொகுப்பு வாங்கும்போது பின்னட்டையின் பொடி எழுத்தைப் படியுங்கள். 'அசல் பாடகரே மீண்டும் பதிந்தது' என்றிருந்தால், அது பல ஆண்டு கழித்து வேறு வாத்தியக்காரர்களோடு பாடியது. 1958 சிங்கிள் என்று போட்டிருந்தும் டிரம்ஸ் இடமும் வலமும் அகன்று கேட்டால் பணம் கொடுக்கும் முன் யோசியுங்கள்.