லொறிக் கம்பனியின் ஆண்டறிக்கையை வாசிப்பது எப்படி? அசோக் லேலண்ட் கணக்கை வைத்து ஒரு செய்முறை

புது பஸ் இறக்க நினைக்கும் முதலாளிக்குத் தெரிய வேண்டியது, இன்னும் பத்து வருடத்துக்கு இந்த எஞ்சினுக்குச் சாமான் வருமா என்பது. பங்கு வாங்க நினைப்பவருக்குத் தெரிய வேண்டியது, இந்த இலாபம் நிலைக்குமா என்பது. இரண்டு பேரும் புரட்ட வேண்டியது ஒரே புத்தகத்தை, அதிலும் அதன் பின்பாதியை. முன்னால் இருக்கும் வழவழப்பான படங்களைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

ஒரு அப்பியாசக் கொப்பி, கல்குலேட்டர், குறைந்தது ஐந்து வருட அறிக்கைகள், இரண்டு மணித்தியாலம். இவ்வளவும் போதும்.

படி 1: சரியான கணக்கை எடுங்கள்

இந்தியக் கம்பனியான அசோக் லேலண்டின் அறிக்கை அதன் இணையத்தளத்தில், முதலீட்டாளர் பகுதியில் இருக்கும். இலங்கையில், பனாகொடையில் வண்டி பொருத்தும் லங்கா அசோக் லேலண்டின் அறிக்கையைக் கொழும்பு பங்குச் சந்தையின் தளத்தில் இறக்கலாம். இவை இரண்டும் வெவ்வேறு கம்பனிகள். 1982இல் தொடங்கிய உள்ளூர்க் கம்பனியில் இந்தியக் கம்பனிக்கு இருப்பது சிறுபான்மைப் பங்குதான். அதனால் அங்குள்ள கணக்கில் இங்குள்ள வியாபாரம் ஒரு வரிக்குள் அடங்கிவிடும். இந்தியாவில் இலாபம் கூடினால் இங்கேயும் பங்கு விலை ஏறும் என்று எண்ணி வாங்குவது புதியவர்கள் அடிக்கடி விடும் பிழை.

இந்திய அறிக்கைக்குள்ளும் இரண்டு கணக்கு இருக்கும்: தனிக் கம்பனிக் கணக்கு, குழுமக் கணக்கு. குழுமக் கணக்கில் ஹிந்துஜா லேலண்ட் ஃபைனான்ஸின் கடன் வியாபாரமும் கலந்திருக்கும். லொறி செய்வதில் என்ன மிஞ்சியது என்று பார்க்கத் தனிக் கணக்கையே எடுங்கள்.

அங்கே தொகைகள் கோடியில் இருக்கும். 1 கோடி என்பது 10 மில்லியன். ஆக 38,753 கோடி என்றால் 387.53 பில்லியன் இந்திய ரூபாய். நமது கம்பனிகள் பெரும்பாலும் ஆயிரத்தில் போடும். கொப்பியில் முதல் வேலையாக எல்லாவற்றையும் மில்லியனுக்கு மாற்றி, எந்த நாட்டு ரூபாய் என்றும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

படி 2: மூன்று இலக்கம், மூன்று வகுத்தல்

அசோக் லேலண்டின் தனிக் கணக்கு, இந்திய ரூபாய் கோடியில்:

வருமானம்: 2023-24இல் 38,367, 2024-25இல் 38,753.
வட்டி, வரி, பெறுமானத்தேய்வுக்கு முந்திய இலாபம்: 4,607, 4,931.
வரிக்குப் பின் இலாபம்: 2,618, 3,303.

இரண்டாவது வரியை முதல் வரியால் வகுத்தால் 12.0 வீதம் 12.7 வீதமாகியிருப்பது தெரியும். இனி வளர்ச்சியைப் பாருங்கள். வருமானம் 1 வீதம், இடையில் உள்ள இலாபம் 7 வீதம், கடைசி இலாபம் 26 வீதம் கூடியிருக்கிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை அல்லவா? அந்த இடைவெளிதான் நீங்கள் தேட வேண்டிய இடம். இலாப நட்டக் கூற்றில் மூலப்பொருள் செலவு, வட்டி, பெறுமானத்தேய்வு, ஏனைய வருமானம், விசேட உருப்படிகள் என்று ஒவ்வொரு வரியாக இறங்கி, எது எவ்வளவு மாறியது என்று எழுதுங்கள். உருக்கு விலை இறங்கியதால் வந்த இலாபம் விலை ஏறினால் திரும்பிப் போகும். விசேட உருப்படியால் வந்தது அடுத்த வருடம் வராது.

பங்கொன்றுக்கான உழைப்பை (ஒரு பங்குக்கு விழும் இலாபத்தை) ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. 2025 ஜூலையில் இந்தக் கம்பனி ஒன்றுக்கு ஒன்று உபகாரப் பங்கு, அதாவது காசு வாங்காமல் கொடுக்கும் பங்கு, கொடுத்தது. பங்குகளின் எண்ணிக்கை இரட்டித்தது. அதற்கு முந்திய அறிக்கைகளின் இலக்கத்தைப் பாதியாக்காமல் ஒப்பிட்டால், கம்பனி சரிந்துவிட்டது போலத் தெரியும்.

படி 3: ஒரு வருடத்தை நம்பாதீர்கள்

2018-19இல் இதே கம்பனியின் வருமானம் 29,055 கோடி. அடுத்த வருடம் 17,467, அதற்கடுத்து 15,301. பிறகு 21,688, 36,144 என்று ஏறியது. இடையில் இறங்கியதற்கான காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. 2018 ஜூலையில் இந்திய அரசு அச்சுக்கு ஏற்றக்கூடிய பாரத்தைக் கூட்டியது; இருந்த லொறிகளே அதிக சுமை இழுத்ததால் புது லொறிக்குத் தேவை குறைந்தது. அதே வருடம் நிதிக் கம்பனிகள் கடன் கொடுக்கக் கையை இறுக்கின. 2020இல் பெருந்தொற்று வந்தது. ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற இந்தியப் புகை விதியும் வர, வண்டி விலை ஏறியது. நல்ல வருடத்தை மட்டும் பார்த்து விலை பேசினால் இந்தச் சுழற்சியில் அகப்படுவோம்.

விற்ற வண்டி எண்ணிக்கையையும் ஆராயுங்கள். கம்பனி சொல்வது பொதுவாக டீலருக்கு அனுப்பிய எண்ணிக்கை. பதிவான எண்ணிக்கை வேறு. டீலர் முற்றத்தில் வண்டி தேங்கினால் அடுத்த காலாண்டில் தள்ளுபடி வரும். பஸ் என்று போட்டிருந்தால், முழு பஸ்ஸா, எஞ்சினும் சக்கரமும் உள்ள வெறும் சேசியா (அடிச்சட்டமா) என்று பார்க்க வேண்டும். சேசியாகப் போனால் பொடி கட்டும் காசு கம்பனிக்கு வராது.

படி 4: பொறியியலைக் கணக்கில் பிடிப்பது

மெனக்கெட வேண்டியது இங்கேதான். இந்தியக் கம்பனிச் சட்டப்படி, பணிப்பாளர் சபை அறிக்கையின் இணைப்பில் எரிசக்திச் சேமிப்பு, தொழில்நுட்பம், அந்நியச் செலாவணி பற்றி எழுத வேண்டும். அந்த இணைப்பில் ஆராய்ச்சி, அபிவிருத்திச் செலவு இருக்கும். அதை வருமானத்தால் வகுத்து ஐந்து வருடத்துக்கு வரிசையாக எழுதுங்கள். விற்பனை விழுந்த வருடங்களிலும் செலவைக் கைவிடாத கம்பனியை நான் மதிப்பேன்.

அடுத்து 'உருவாக்கத்தில் உள்ள புலனாகாச் சொத்துக்கள்' (இன்னும் முடியாத வடிவமைப்பு போன்ற, கையால் தொட முடியாத சொத்துக்கள்) என்ற குறிப்பு. புது எஞ்சினுக்குச் செலவழித்த காசு முழுவதும் அந்த வருடச் செலவாகப் போவதில்லை. ஒரு பங்கு சொத்தாக இங்கே ஏறும். குறிப்பில் ஒரு வயது அட்டவணை உண்டு: 1 வருடத்துக்குள், 1 முதல் 2, 2 முதல் 3, 3 வருடத்துக்கு மேல். கடைசிக் கட்டத்தில் தொகை கூடிக்கொண்டே போனால், ஒரு திட்டம் இழுபடுகிறது என்று அர்த்தம். கைவிட்டால் ஒரே நாளில் நட்டமாக இறங்கும்.

மூன்றாவது, வாரன்டி ஏற்பாடு, அதாவது வாரன்டிக் காலத் திருத்தங்களுக்கு ஒதுக்கி வைக்கும் தொகை. என் கணிப்பில் முழு அறிக்கையிலும் மிக நேர்மையான இடம் இதுதான். நான்கு வரி இருக்கும். மாதிரிக்கு ஒரு கணக்கு: தொடக்க மீதி 400, இவ்வருடம் சேர்த்தது 300, செலவானது 350, முடிவு மீதி 350. சேர்த்ததைவிடச் செலவு அதிகம். பழைய சேமிப்பைத் தின்கிறார்கள். விற்பனை குறையாமல் இருக்கும்போது இப்படி நடந்தால் இரண்டில் ஒன்று: பழைய மொடலின் பிழைகள் இப்போது வெளிவருகின்றன, அல்லது இலாபம் கூடத் தெரிய ஏற்பாட்டைக் குறைத்திருக்கிறார்கள். புது எஞ்சின் வந்த வருடத்தில் இந்த இலக்கம் அமைதியாகவே இருக்கும். வண்டி ஓடித் தேய்ந்த பிறகுதான் கோரிக்கைகள் குவியும், ஆகவே அறிமுகத்துக்குப் பின் மூன்று வருடமாவது தொடருங்கள்.

கம்பனியின் வாக்குறுதியையும் இலக்கத்தால் சோதிக்கலாம். 2020இல் வந்த ஏவிடிஆர் என்ற லொறி வரிசை கெபின், சேசி, அச்சு எல்லாவற்றையும் வேண்டியபடி சேர்த்துப் பொருத்தும் தளம். பொதுவான பாகங்கள் கூடினால் களஞ்சியத்தில் தேங்கும் சரக்கு குறைய வேண்டும். சரக்கிருப்பை மூலப்பொருள் செலவால் வகுத்து 365ஆல் பெருக்குங்கள். வரும் நாட்கள் வருடாவருடம் இறங்குகிறதா என்று பாருங்கள்.

படி 5: கொழும்புக்குக் கொண்டுவந்து சரிபாருங்கள்

அறிக்கையில் புகழப்படும் எஞ்சின் இங்கே வரும் வண்டியில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிஎஸ்-6 எஞ்சினுக்கு 10 பிபிஎம் (மில்லியனில் 10 பங்கு) கந்தகத்துக்கு மேற்படாத டீசல் தேவை. கந்தகம் கூடினால் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி கெடும், துகள் வடிகட்டி அடைபடும். அதனால் ஏற்றுமதி வண்டிக்கு வேறு தர எஞ்சின் போடுவதுண்டு. ஏஜென்டிடம் எஞ்சின் மொடல் இலக்கத்தையும் புகைத் தரத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

உள்ளூர்க் கம்பனியின் கணக்கில் 2020 மார்ச்சில் தொடங்கிய இறக்குமதித் தடையின் வருடங்களைத் தனியாகக் கோடிட்டு வையுங்கள். அந்த வருடங்களோடு 2025இல் தடை தளர்ந்த பிறகு வந்ததை ஒப்பிட்டு 'பல மடங்கு வளர்ச்சி' என்று சொன்னால் அதில் பொருளில்லை. 2020க்கு முந்திய வருடங்களோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக, அந்த எஞ்சின் இலக்கத்தை எடுத்துக்கொண்டு உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். இன்ஜெக்டர், கிளட்ச் தட்டு, டர்போ மூன்றுக்கும் மூன்று கடையில் விலை கேளுங்கள். புதுச் சாமான் இருக்கிறதா, எத்தனை நாளில் வரும் என்பதையும் கொப்பியில் வாரன்டி இலக்கத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.