வெளிநாட்டில் டிப்ஸ் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிப்ஸ் கொடுப்பதைத் தாராள மனத்தின் அடையாளமாகவே பலரும் பார்க்கின்றனர். வெளிநாடு செல்வோர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தப் பார்வையிலிருந்துதான் பிறக்கின்றன. ஒரு டாக்சி ஓட்டுநருக்கோ உணவகப் பணியாளருக்கோ எவ்வளவு கொடுப்பது முறை என்பது, அந்த நாட்டில் அவருடைய சம்பளம் எந்த வழியில் அவர் கைக்கு வந்து சேர்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. முதலாளியே முழுச் சம்பளத்தையும் கொடுக்கும் இடத்தில் டிப்ஸ் வெறும் நன்றி. சம்பளத்தின் ஒரு பகுதியை வாடிக்கையாளர் தருவார் என்று சட்டமே கணக்குப் போட்டிருக்கும் இடத்தில் அது கூலி. ஒரு நாட்டில் பழகிய கணக்கை இன்னொரு நாட்டுக்கு அப்படியே எடுத்துச் செல்வதே முதல் தவறு.

இதற்கு அமெரிக்காவை விடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. டிப்ஸ் பெறும் பணியாளருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை, அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அது உயர்த்தப்படவே இல்லை. மற்றவர்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் 7.25 டாலர். இரண்டுக்கும் நடுவிலுள்ள தொகையை டிப்ஸ்தான் நிரப்ப வேண்டும். நிரம்பாதபோது முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் முதலாளிகளுக்கு இந்தச் சலுகை இல்லை என்றாலும், அங்கும் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் குறைந்துவிடவில்லை. எனவே, மேசையில் வந்து பரிமாறும் உணவகங்களில் 15 முதல் 20 சதவீதமும், டாக்சியில் ஏறத்தாழ அதே அளவும், விடுதியில் பெட்டி தூக்கி வருபவருக்குப் பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலரும் எதிர்பார்க்கப்படுகின்றன. உணவு வரத் தாமதமானது என்பதற்காக ஒன்றுமே வைக்காமல் எழுந்து போவது கண்டிப்பு என்று தோன்றலாம். தாமதத்துக்குக் காரணம் சமையலறையாக இருக்க, பரிமாறியவரின் வருமானத்தில் கை வைத்ததாகவே அது முடியும். குறை இருந்தால் மேலாளரிடம் சொல்வதே பொருத்தம்.

அதே அமெரிக்காவில், கொடுக்க வேண்டிய அளவுக்கு மேல் கொடுத்துவிடும் பிழையும் உண்டு. சதவீதத்தை வரி சேர்க்கும் முன்பிருந்த தொகைக்குக் கணக்கிட்டால் போதும். ஆனால் பில்லின் அடியில் அச்சிட்டிருக்கும் பரிந்துரைத் தொகைகள் சில இடங்களில் வரியையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டிருக்கும். ஆறு பேருக்கு மேற்பட்ட குழுவாகச் சாப்பிடும்போது பல உணவகங்கள் 18 சதவீதத்தைத் தாமாகவே பில்லில் சேர்த்துவிடுகின்றன. அதன் பிறகும் கார்டு ரசீதில் டிப்ஸ் எழுதுவதற்கான கோடு வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்து மறுபடியும் 20 சதவீதம் எழுதிக் கையெழுத்திடுவோர் ஏராளம். அந்தக் கோட்டை அடித்துவிட்டு, மொத்தத் தொகையைத் தெளிவாக எழுதுவதே பாதுகாப்பு.

நியூயார்க் டாக்சிகளின் பின்னிருக்கைத் திரையில் 20, 25, 30 சதவீதம் என்ற பொத்தான்கள் முன்னால் வந்து நிற்கும். வேறு தொகையை உள்ளிடும் வழியும் அதே திரையில் உண்டு. அவசரத்தில் யாரும் அதைத் தேடுவதில்லை. கவுண்டரில் காபி வாங்கும்போது திருப்பிக் காட்டப்படும் திரையும் இப்படித்தான். அங்கே எதுவும் கொடுக்காமல் நகர்வதில் தவறில்லை என்பது என் கருத்து. செயலி வழியே அழைத்த வாகனமாக இருந்தால் பயணம் முடிந்தபின் கைப்பேசியிலேயே டிப்ஸ் கேட்கப்படும். கையில் ஒருமுறை கொடுத்தவர் அதில் இன்னொருமுறை கொடுக்கத் தேவையில்லை.

ஜப்பானில் நிலைமை நேர் எதிர். டாக்சியிலும் உணவகத்திலும் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே அங்கு இல்லை. மீதிச் சில்லறையை விட்டுச் சென்றால், வாடிக்கையாளர் மறந்துவிட்டார் என்று நினைத்துப் பணியாளர் பின்னாலேயே ஓடி வந்து திருப்பித் தருவது அங்கே இயல்பானது. வேண்டாம் என்று சொல்பவரின் கையில் பணத்தைத் திணிப்பது அவரைச் சங்கடப்படுத்தும். மரபான ரியோகான் விடுதிகளில் தனியே கவனித்துக்கொள்ளும் பணிப்பெண்ணுக்குச் சிலர் அன்பளிப்பு தருவதுண்டு. அதையும் வெறும் நோட்டாக நீட்டாமல் உறையில் வைத்தே கொடுப்பார்கள், அதுவும் கட்டாயமில்லை. தென்கொரியாவிலும் டிப்ஸ் வழக்கமில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஐரோப்பாவில் நடக்கும் பிழை பெரும்பாலும் பில்லைப் படிக்காததால் வருவது. பிரான்சில் உணவுப் பட்டியலில் காணும் விலையிலேயே சேவைக் கட்டணம் அடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. மேற்கொண்டு சில நாணயங்களை விட்டுச் சென்றால் அது முழுக்க மனமுவந்த செயல். இத்தாலியில் பில்லின் மேற்பகுதியில் 'கோபெர்த்தோ' என்று ஆளுக்கு ஓரிரு யூரோ சேர்ந்திருக்கும். அது ரொட்டி, மேசை விரிப்பு ஆகியவற்றின் பேரில் உணவகம் எடுத்துக்கொள்ளும் கட்டணம். பணியாளருக்கான டிப்ஸ் என்று அதை எண்ணக் கூடாது, அதைக் கண்டு ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை பிடிக்கவும் கூடாது. லண்டன் உணவகங்களில் 12.5 சதவீதச் சேவைக் கட்டணம் தானாகவே சேர்க்கப்படுவது வழக்கம். விருப்பத்துக்குட்பட்டது என்று பில்லில் குறித்திருந்தால், சேவை சரியில்லாதபோது நீக்கச் சொல்லிக் கேட்கலாம். நீக்காமல் கொடுத்தால், அதற்கு மேல் டிப்ஸ் தேவையில்லை. அந்தப் பணம் பணியாளருக்குப் போய்ச் சேருமா என்று தயங்கத் தேவையில்லை: 2024 அக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, டிப்ஸையும் சேவைக் கட்டணத்தையும் முதலாளி பிடித்தம் செய்யாமல் பணியாளர்களுக்கே வழங்க வேண்டும்.

ஜெர்மனியில் தொகையை விட, கொடுக்கும் விதமே பலரைத் தடுமாற வைக்கிறது. பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போவது அங்கு வழக்கமில்லை. 27 யூரோ பில்லுக்கு 50 யூரோ நோட்டை நீட்டும்போதே, தாம் கொடுக்க விரும்பும் மொத்தத் தொகையாக 30 என்று சொல்லிவிட வேண்டும். மீதி 20 யூரோ கைக்கு வரும். ஒன்றும் சொல்லாமல், நோட்டைக் கொடுத்துக்கொண்டே நன்றி என்றால், மீதி வேண்டாம் என்பதாக அதை எடுத்துக்கொள்ள இடமுண்டு.

ஐரோப்பாவின் பல நகரங்களில் டாக்சிக் கட்டணத்தை அடுத்த முழுத் தொகைக்கு உயர்த்திக் கொடுத்தால் போதும். கனமான பெட்டிகளை ஏற்றி இறக்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். சிங்கப்பூர் டாக்சியில் அதுவும் எதிர்பார்க்கப்படுவதில்லை. எந்த ஊரானாலும், மீட்டர் போட மறுத்துக் கூடுதலாக வாங்கிய ஓட்டுநருக்குக் கூச்சத்தின் பேரில் டிப்ஸும் சேர்த்துக் கொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. சில்லறை இல்லாமல் ஏறுவதும் தவறு. பெரிய நோட்டை நீட்டிவிட்டு மீதிக்காகக் காத்திருக்கும்போது, தன்னிடம் சில்லறை இல்லை என்று ஓட்டுநர் சொன்னால், டிப்ஸின் அளவைத் தீர்மானிப்பவர் அவராகிவிடுகிறார்.

தம் நாட்டு நாணயங்களை அன்பளிப்பாகக் கொடுப்பதும் பரவலாக நடக்கிறது. பணம் மாற்றுமிடங்கள் பொதுவாக நோட்டுகளை மட்டுமே ஏற்பதால், அவை வாங்கியவருக்குப் பயன்படாது. விடுதி அறையைச் சுத்தம் செய்பவருக்குக் கொடுக்கும் வழக்கமுள்ள நாடுகளில், கடைசி நாள் மொத்தமாக வைத்துவிட்டு வந்தால், முந்தைய நாட்களில் உழைத்தவருக்கு அது கிடைக்காமல் போகலாம். நாள்தோறும் வைப்பதும், அது அவருக்குத்தான் என்று ஒரு சீட்டில் எழுதி வைப்பதும் நல்லது. குடியேற்றச் சோதனை அதிகாரிக்கோ காவலருக்கோ எந்தப் பெயரிலும் பணம் நீட்டக் கூடாது, அது லஞ்சம்.

இன்னொன்று, பல நகரங்களில் இலவசம் என்று விளம்பரம் செய்யப்படும் நடைச் சுற்றுலா. வழிகாட்டிக்குப் பெரும்பாலும் தனிச் சம்பளம் கிடையாது. சில நிறுவனங்களில், வந்த ஒவ்வொரு பயணிக்கும் அவரே ஒரு தொகையைக் கட்ட வேண்டியிருக்கும். இரண்டு மணி நேரம் உடன் நடந்து கேட்டுவிட்டு, முடியும் தறுவாயில் கூட்டத்தின் பின்னால் மெல்ல விலகிச் செல்பவர், அவருக்குச் செலவு வைத்துவிட்டே செல்கிறார்.