டெத் இசைக்குழுவைக் கேட்கத் தொடங்குவது எப்படி? எந்த ஆல்பம் முதலில், எது கடைசியில்

உறுமும் குரலும் கனத்த கிட்டாரும் வேகமான டிரம்ஸும் கொண்ட டெத் மெட்டல் இசையைக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் ஒரே முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, அதன் முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்க உட்காருகிறார்கள். பத்து நிமிடம் தாண்டுவதில்லை. "ஒரே கத்தலா இருக்கே" என்று ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலிருந்து வந்த டெத் குழுவைப் பொறுத்தவரை, இந்த வரிசை முறை எனக்குச் சுத்தமாகச் சரிப்படவில்லை. நடுவில் நுழைந்து, பின்னால் போய், அப்புறம் முன்னால் வர வேண்டிய குழு இது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

தேடும்போதே ஒரு குழப்பம் வரும். டெத் என்று மட்டும் தேடினால் டெட்ராய்ட் நகரத்தின் பழைய பங்க் குழு ஒன்றும் அதே பெயரில் வந்து நிற்கும். அவர்களும் நல்ல குழுதான், ஆனால் நமக்கு வேண்டியது அவர்கள் அல்ல. சக் ஷுல்டினர் என்ற பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

படி 1: யார் இந்த சக் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டெத் என்றால் சக் ஷுல்டினர்தான். 1967இல் பிறந்தவர். சக் சிறுவனாக இருந்தபோது அவருடைய அண்ணன் விபத்தில் இறந்தார். அந்தத் துக்கத்திலிருந்து பிள்ளையின் மனம் விலகட்டும் என்று பெற்றோர் கையில் கிட்டாரைக் கொடுத்தார்கள். 1983இல், பதினாறு வயதில், ஆர்லாண்டோ பக்கம் மாண்டஸ் என்ற பெயரில் நண்பர்களோடு குழு தொடங்கினார். அடுத்த ஆண்டே பெயர் டெத் என்று மாறியது.

1987 முதல் 1998 வரை ஏழு ஸ்டூடியோ ஆல்பங்கள். இந்த ஏழில் எந்த இரண்டிலும் ஒரே ஆட்கள் வாசிக்கவில்லை. மாறாமல் இருந்தவர் சக் மட்டுமே. ஆகவே ஆல்பம் மாறும்போது "இந்த முறை டிரம்ஸ் யார், பேஸ் யார்" என்று பார்க்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். சக்கின் வளர்ச்சியும் அவர் சேர்த்துக்கொண்ட ஆட்களும் சேர்ந்ததுதான் இந்தக் குழுவின் கதை.

படி 2: குரலே இல்லாத பாட்டில் தொடங்குங்கள்

புதியவர்களைத் துரத்துவது குரல்தான். அதைத் தற்காலிகமாக ஒதுக்கிவிடலாம். கடைசி ஆல்பமான 'தி சவுண்ட் ஆஃப் பெர்செவரன்ஸ்'இல் 'வாய்ஸ் ஆஃப் தி சோல்' என்று ஒரு வாத்திய இசை இருக்கிறது. நான்கு நிமிடம்கூடக் கிடையாது. அக்கூஸ்டிக் கிட்டாரின் மேல் எலக்ட்ரிக் கிட்டார் அழுவதுபோல் நகரும். டிரம்ஸ் கிடையாது. இரண்டு மூன்று முறை கேளுங்கள். இந்த மனிதருக்கு மெலடி எப்படி வரும் என்று காதில் பதிந்துவிட்டால், பிறகு எவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் அதைப் பிடித்துவிடலாம்.

படி 3: 'சிம்பாலிக்', 1995

உண்மையான நுழைவாயில் இதுதான். ஃப்ளோரிடாவின் தாம்பா நகர மோரிசவுண்ட் ஸ்டூடியோவில், ஜிம் மோரிஸ் தயாரிப்பில் பதிவானது. ஒலி பளிச்சென்று இருக்கும். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்கும். புதிய காதுக்கு அது பெரிய உதவி.

'கிரிஸ்டல் மவுண்டன்' பாட்டை முதலில் போடுங்கள். முதல் முறை குரலைக் கண்டுகொள்ளாமல் கிட்டாரை மட்டும் தொடருங்கள். எங்கே ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) மாறுகிறது, எது திரும்பி வருகிறது என்று கவனியுங்கள். இரண்டாம் முறை ஜீன் ஹோக்லனின் டிரம்ஸ். காலில் டபுள் பேஸ் (இரண்டு காலாலும் மாறி மாறி அடிக்கும் பெரிய டிரம்) ஓடிக்கொண்டிருக்கும்போதே கை சிம்பல்களில் செய்யும் சின்னச் சின்ன வேலைகளைக் கேளுங்கள். மூன்றாம் முறை பாடல் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். பிணமோ பிசாசோ அங்கே இருக்காது. மதத்தின் பெயரால் பிறரை எடைபோடும் மனிதர்களின் மேல் கோபம் இருக்கும். பாட்டு முடியும் இடத்தில் அக்கூஸ்டிக் கிட்டார் வந்து சேரும்.

பிறகு முழு ஆல்பத்தையும் கேளுங்கள். ஐம்பது நிமிடம் ஆகும். 'எம்ப்டி வர்ட்ஸ்', 'ஜீரோ டாலரன்ஸ்' இரண்டும் முதலில் ஒட்டிக்கொள்ளும். இந்த ஆல்பம் பழகும் வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

படி 4: 'ஹ்யூமன்', 1991

என் கணிப்பில் இந்தக் குழுவின் திருப்புமுனை இதுதான். அதற்கு ஒரு பின்னணி உண்டு. 1990இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் சரியாக ஏற்பாடு ஆகவில்லை என்று சக் வர மறுத்தார். டிரம்ஸ் வாசித்த பில் ஆண்ட்ரூஸும் பேஸ் வாசித்த டெர்ரி பட்லரும் வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, சக் இல்லாமலே டெத் என்ற பெயரில் மேடை ஏறினார்கள். சக்குக்கு வந்த ஆத்திரத்தில் நிரந்தர உறுப்பினர்கள் என்ற ஏற்பாட்டையே தூக்கிப் போட்டார். இனி ஆல்பத்துக்கு ஆல்பம் வேண்டிய கலைஞர்களை அழைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தார்.

அப்படி வந்தவர்கள் சினிக் குழுவின் பால் மாஸ்விடாலும் ஷான் ரைனர்ட்டும், சேடஸ் குழுவின் ஸ்டீவ் டிஜியார்ஜியோவும். பாலுக்கும் ஷானுக்கும் அப்போது வயது இருபதுதான். ஜாஸ் வாசனை உள்ள கைகள். 'ஃப்ளாட்டனிங் ஆஃப் எமோஷன்ஸ்' பாட்டின் தொடக்கத்தில் தூரத்திலிருந்து டிரம்ஸ் மெல்ல நெருங்கி வரும். அதைக் கேட்டால் போதும், என்ன மாறியிருக்கிறது என்று புரியும். 'லாக் ஆஃப் காம்ப்ரிஹென்ஷன்' பாட்டுக்கு எடுத்த வீடியோ எம்டிவியிலும் ஓடியது. 'காஸ்மிக் சீ' மறுபடியும் ஒரு வாத்திய இசை.

ஒரு சின்ன யோசனை: பழைய பதிப்பில் பேஸ் கிட்டார் அடியில் அமுங்கிப் போயிருக்கும். 2011இல் ரீலாப்ஸ் நிறுவனம் புதிதாக மிக்ஸ் செய்து வெளியிட்ட பதிப்பில் டிஜியார்ஜியோ என்ன வாசித்திருக்கிறார் என்பது காதில் விழும். தொடங்குபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: இப்போது பின்னால் போங்கள்

காது பழகிவிட்டது. இனி 1987க்குப் போகலாம். முதல் ஆல்பம் 'ஸ்க்ரீம் பிளடி கோர்'. கிட்டார், பேஸ், குரல் மூன்றும் சக். டிரம்ஸ் கிறிஸ் ரைஃபர்ட். ஆட்கள் இரண்டே பேர்! 'ஜாம்பி ரிச்சுவல்', 'ஈவில் டெட்' என்று தலைப்புகளைப் பார்த்தாலே பேய்ப்படங்களை விழுந்து விழுந்து பார்க்கும் இளைஞனின் உலகம் தெரியும். வரிகளில் ரத்தம் தெறிக்கும், இதெல்லாம் வேண்டாம் என்பவர்கள் இசையை மட்டும் கேட்டுவிட்டு நகரலாம். ஆனால் 'ஜாம்பி ரிச்சுவல்' தொடங்கும் மெலடியைத் தவறவிடாதீர்கள். சிம்பாலிக்கின் விதை அங்கேயே இருக்கிறது.

அடுத்து 1988இன் 'லெப்ரசி'. எடை கூடிய, இன்னும் இறுக்கமான ஆல்பம். 'புல் தி பிளக்' பாட்டில் ஒரு நோயாளி, கருவிகளின் தயவில் உயிரைப் பிடித்துவைத்திருப்பதை நிறுத்திவிடச் சொல்கிறான். சினிமாப் பேய்களிலிருந்து நிஜமான பயத்துக்கு சக் திரும்பும் இடம் இது. 1990இன் 'ஸ்பிரிச்சுவல் ஹீலிங்' அதே பாதையில் சமூகப் பிரச்சினைகளுக்குள் போகிறது. ஜேம்ஸ் மர்ஃபியின் கிட்டார் சோலோக்கள் அருமை, ஆனால் மொத்தத்தில் இரண்டு காலங்களுக்கு நடுவில் நிற்கும் ஆல்பம். இதை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

படி 6: கடினமான இரண்டு

1993இன் 'இண்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்' ஆல்பத்துக்கு நல்ல ஹெட்ஃபோன் அவசியம். டிஜியார்ஜியோ இதில் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) இல்லாத பேஸ் கிட்டார் வாசிக்கிறார். வழுக்கி வழுக்கிப் போகும் அந்த ஓசை கைபேசி ஸ்பீக்கரில் கிடைக்கவே கிடைக்காது. கிங் டயமண்ட் குழுவின் ஆண்டி லாராக் கிட்டாரில் சேர்ந்திருக்கிறார். 'தி ஃபிலாசஃபர்' பாட்டில் தொடங்குங்கள்.

அடுத்து 1998இன் 'தி சவுண்ட் ஆஃப் பெர்செவரன்ஸ்'. பாட்டுகள் நீளமானவை, எதிர்பாராத இடங்களில் திரும்புபவை. சக்கின் குரலும் அடித்தொண்டை உறுமலிலிருந்து கூர்மையான கிறீச்சுக்கு ஏறியிருக்கும். பலருக்கு அது உறுத்தும். 'ஸ்பிரிட் கிரஷர்' பாட்டின் பேஸ் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள். கடைசியில் ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற மெட்டல் குழுவின் 'பெயின்கில்லர்' பாட்டைச் சக் தன் பாணியில் பாடியிருக்கிறார். இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த ரிச்சர்ட் கிறிஸ்டி பின்னாளில் ஹாவர்ட் ஸ்டெர்னின் வானொலி நிகழ்ச்சியில் நகைச்சுவை செய்யப் போனார் என்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும்.

படி 7: அதன்பிறகு

1999இல் சக் கண்ட்ரோல் டினைட் என்ற இன்னொரு குழுவின் ஆல்பத்தை வெளியிட்டார். அதில் பாடியது டிம் அய்மர், உறுமல் கிடையாது. உறுமல் கடைசிவரை பிடிக்கவில்லை என்றால் இதைக் கேளுங்கள், சக்கின் கிட்டார் அப்படியே கிடைக்கும். அதே ஆண்டு அவருக்கு மூளைக் கட்டி இருப்பது தெரிந்தது. 2001 டிசம்பர் 13ஆம் தேதி, 34 வயதில் காலமானார்.

அவரோடு வாசித்தவர்களைத் தொடர்ந்தால் கேட்பதற்குப் பஞ்சமே இருக்காது. 'ஸ்க்ரீம் பிளடி கோர்' பிடித்திருந்தால் கிறிஸ் ரைஃபர்ட் தொடங்கிய ஆட்டாப்சி குழுவுக்குப் போங்கள். 'ஹ்யூமன்' பிடித்திருந்தால் சினிக் குழுவின் 1993 ஆல்பம் 'ஃபோகஸ்'. ஜேம்ஸ் மர்ஃபியின் சோலோக்கள் பிடித்திருந்தால் அவர் அடுத்து வாசித்த ஆபிச்சுவரி குழுவின் 'காஸ் ஆஃப் டெத்'.