யூடியூப் போட்டதும் லேப்டாப் கொதிக்கிறதா? ஃபேனை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. அக்னி நட்சத்திரத்தில் சத்துவாச்சாரியில் எங்கள் மாடி அறைச் சுவர் ராத்திரி ஒன்பது மணிக்கும் கை வைக்க முடியாமல் சுடும். அதனால் அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து “மாமா, தொடை வேகுது” என்றபோது நானும் முதலில் வெயிலைத்தான் திட்டினேன். சர்வீஸ் கடையில் ஃபேன் போய்விட்டது, மாற்ற 1,800 ரூபாய் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சரி, வேர்டில் டைப் அடிக்கும்போதும் இப்படித்தான் சுடுகிறதா என்று கேட்டேன். “இல்ல மாமா, கிளாஸ் வீடியோ போட்டா மட்டும்தான்.” அப்படியென்றால் ஃபேனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இணையத்தில் வருகிற வீடியோ சுருக்கப்பட்டுத்தான் வருகிறது, அதை விரித்தால்தான் படம் தெரியும். இதற்கென்றே சிப்புக்குள் தனியாக ஒரு சின்னப் பகுதி உண்டு. அது வேலை செய்தால் ப்ராசஸர் கிட்டத்தட்ட சும்மா இருக்கும், சூடும் ஏறாது. அது வேலை செய்யாவிட்டால் முழு ப்ராசஸரும் தம் கட்டி அந்த வேலையைச் செய்யும். வீட்டில் கிரைண்டர் இருக்க, ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து மாவாட்டுகிற கதை. உங்கள் லேப்டாப்பில் யார் மாவாட்டுவது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சிப்பு, என்பதைத் தட்டினால் ‘வீடியோ டீகோட்’ என்று ஒரு சின்ன வரைபடம் தெரியும், சில ஏஎம்டி லேப்டாப்பில் ‘வீடியோ கோடெக்’ என்று இருக்கும். வீடியோவை ஓடவிட்டுவிட்டு அதையே பாருங்கள். கோடு மேலே எழுந்தால் நல்லது. பையன் லேப்டாப்பில் அந்தக் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது, பக்கத்தில் சிபியு, அதாவது ப்ராசஸர், 85 சதவீதம். இன்னொரு சோதனையும் செய்யலாம்: போனில் எடுத்த ஒரு ஃபுல் எச்டி வீடியோவை லேப்டாப்பில் போட்டு விஎல்சி பிளேயரில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அது குளிர்ச்சியாக ஓடி, பிரவுசரில் மட்டும் கொதித்தால் கோளாறு பிரவுசரிலோ, அதில் வருகிற வீடியோவின் வகையிலோதான்.

குரோமில் செட்டிங்ஸ் போய் சிஸ்டம் என்ற பகுதியைப் பாருங்கள். கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், பழைய பதிப்பில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் என்று இருக்கும். வீடியோவை அந்தத் தனிப் பகுதியிடம் அனுப்புவது இதுதான். எங்கள் பையனிடம் அது அணைந்திருந்தது. ஏண்டா என்றால், ஆறு மாதத்துக்கு முன் வீடியோ பச்சை பச்சையாகத் தெரிந்ததாம், யாரோ இதை அணைத்தால் சரியாகும் என்று சொல்ல, அணைத்துவிட்டு மறந்துவிட்டான். பச்சை போனது, சூடு வந்தது. இந்த மாதிரி பச்சைத் திரை, கறுப்புத் திரைக்கெல்லாம் கிராஃபிக்ஸ் டிரைவரை, அதாவது கிராஃபிக்ஸ் சிப்பை விண்டோஸ் வேலை வாங்க உதவுகிற மென்பொருளை, புதுப்பிப்பதுதான் வைத்தியம், ஸ்விட்சை அணைப்பது தற்காலிக ஒட்டு. ஸ்விட்சைப் போட்டு, குரோமை மூடித் திறந்து, டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்கிப் போட்டோம்.

டிரைவர் என்றதும் ஒன்று. சமீபத்தில் கடையில் விண்டோஸ் புதிதாகப் போட்டு வாங்கினீர்களா? டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் கீழே ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று மட்டும் இருந்தால், கிராஃபிக்ஸ் டிரைவர் போடாமலேயே கொடுத்திருக்கிறார்கள். ஆபீஸ், ஆன்டிவைரஸ் எல்லாம் போட்டிருப்பார்கள், இதை மட்டும் விட்டிருப்பார்கள். இந்த நிலையில் எந்த ஸ்விட்சைப் போட்டாலும் பிரயோஜனமில்லை.

இதெல்லாம் செய்தும் கோடு எழவில்லையா, அப்புறம் வீடியோவின் வகையை, அதாவது அதை எந்த முறையில் சுருக்கியிருக்கிறார்கள் என்று, பார்க்க வேண்டும், பழைய லேப்டாப் வாங்கியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். யூடியூப் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ எடுத்தால் கோடெக்ஸ் என்ற வரியில் ஏவிசி1, விபி09, ஏவி01 என்று மூன்றில் ஒன்று ஆங்கில எழுத்தில் இருக்கும். ஏவிசி1 என்பது எச்.264, பழசு, ஏறக்குறைய எல்லா லேப்டாப்புக்கும் பழக்கம். விபி09 என்பது விபி9, அதை இன்டெல்லில் 7ஆம் தலைமுறையிலிருந்துதான் சிப்பு முழுசாகக் கையாளும், 6இல் அரைகுறை. ஏவி01 என்பது ஏவி1, இன்னும் புதுசு, 2018இல் வந்தது. இன்டெல்லில் 11ஆம் தலைமுறை லேப்டாப்பிலிருந்துதான் அதற்கு வசதி, ஏஎம்டியில் ரைசன் 6000 வரிசை. பையனுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 6ஆம் தலைமுறை ஐ5, திரையில் வந்து நின்றது ஏவி01. பாவம், அந்த ப்ராசஸர் என்ன செய்யும்?

இதற்கு வழி, யூடியூபிடம் எச்.264ஐயே கேட்டு வாங்குவது. ‘எச்264ஐஃபை’ என்று பிரவுசரில் சேர்க்கிற ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, போட்டுவிட்டால் மற்ற இரண்டும் வராது. ஒரு நஷ்டம் உண்டு: எச்.264இல் யூடியூப் 1080பிக்கு மேல் தராது. 1366க்கு 768 திரை வைத்திருக்கிறவருக்கு 4கே எதற்கு, விடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ்காரர்கள் எக்ஸ்டென்ஷன் இல்லாமலேயே, முகவரிப் பட்டையில் about:config என்று அடித்தால் வருகிற கான்ஃபிக் பக்கத்தில் ‘மீடியா புள்ளி ஏவி1 புள்ளி எனேபிள்டு’ என்ற வரியைத் தேடி ஃபால்ஸ் ஆக்கினால் ஏவி1 நின்றுவிடும், விபி9 வரும். லினக்ஸ் ஆட்கள் டெர்மினலில் ‘விஏஇன்ஃபோ’ ஓட்டினால் சிப்புக்கு எது எது தெரியும் என்று பட்டியலே வந்துவிடும்.

எக்ஸ்டென்ஷன் போட்டதும் அதே வீடியோவில் சிபியு 20க்குக் கீழே இறங்கியது. ஆனாலும் திடீர் திடீரென்று ஏறியது. எட்டிப் பார்த்தால் பையன் கிளாஸை 2 மடங்கு வேகத்தில் ஓட்டுகிறான்! வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஒரு நொடியில் விரிக்க வேண்டிய படங்களும் இரட்டிப்பு, அதுவும் 60 ஃபிரேம் வீடியோ என்றால் கேட்கவே வேண்டாம். கரும்பலகையில் வாத்தியார் எழுதுவதைப் பார்க்க 480பி போதும். வேகம் வேண்டும் என்றால் தரத்தைக் குறை என்று சொன்னேன், கொஞ்சம் முனகிவிட்டுக் குறைத்தான்.

இப்போது வெயில் விஷயம். ஃபேன் இழுப்பது அறைக் காற்றைத்தானே? மார்கழியில் 24 டிகிரி இருக்கிற அறை மே மாதம் 38க்குப் போனால், அதே வேலைக்கு சிப்பின் சூடும் கிட்டத்தட்ட அந்த 14 டிகிரி ஏறும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சூட்டைப் பார்க்கலாம். வீடியோ ஓடும்போது 70ஐ ஒட்டி நின்றால் நம் ஊருக்கு அது தப்பில்லை, 90ஐத் தாண்டியே நின்றால்தான் கவலை. இலவம்பஞ்சு மெத்தை மேல் வைத்துப் பார்க்கிற பழக்கத்தை முதலில் விடுங்கள், காற்று இழுக்கிற ஓட்டை பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது. கூலிங் பேட் வாங்குவதற்கு முன், குடியாத்தம் தீப்பெட்டி இரண்டைக் காலி செய்து பின்பக்கக் கால்களுக்குக் கீழே முட்டுக்கொடுத்துப் பாருங்கள், ஓட்டையை மட்டும் மறைக்காமல். எங்களுக்கு அதிலேயே நாலைந்து டிகிரி குறைந்தது.

பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட் 100 என்று இருப்பதை 99 ஆக்கினால் டர்போ, அதாவது ப்ராசஸர் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடுவது, நின்றுவிடும். வீடியோ பார்க்க டர்போ தேவையில்லை. சில லேப்டாப்பில் இந்த வரியே தெரியாது, விட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர். மூன்று வருடம் திறக்காத லேப்டாப் என்றால் ஃபேனுக்கும் செம்புக் குழாய் முடிகிற தகட்டுச் சீப்புக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும். ஃபேனைக் கழற்றாமல் வெளியிலிருந்து ஊதினால் அது நகராது, விரலால் உரித்துத்தான் எடுக்க வேண்டும். பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றிவிடுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னாபின்னாவென்று சுழன்றால் பேரிங் போய்விடும். சிப்பின் சூட்டைச் செம்புக் குழாய்க்குக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக இருந்தால் துடைத்துவிட்டு உளுந்து அளவு புதிதாக வைத்தால் போதும். கை நடுங்குகிறவர்கள் கடையிலேயே கொடுங்கள், ஆனால் ‘சர்வீஸ் பண்ணுங்க’ என்று பொதுவாகச் சொல்லாமல் ஃபேனைக் கழற்றித் தூசி எடுத்து பேஸ்ட் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

திறந்ததும் திறந்தபடி பேட்டரியையும் பாருங்கள். உப்பியிருந்தால், அல்லது திறப்பதற்கு முன்பே டச்பேட் மேலே தூக்கியிருந்தால், அதோடு வீடியோ பார்ப்பதை நிறுத்துங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள், பேட்டரியை அமுக்கவோ குத்தவோ வேண்டாம். அதை மாற்றாமல் மறுபடி மூடாதீர்கள்.