யூரோக்கில் ‘நான்தான்’: எங்கே சறுக்குகிறோம்?

கலிபோர்னியாவின் வடமேற்கு மூலையில், கிளாமத் ஆறு கடலில் கலக்கும் பகுதி யூரோக் மக்களின் மண். அவர்கள் மொழியில் ‘நான்’ என்பதற்கு நெக் என்று பெயர். சின்னச் சொல், ஒரே அசை. இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். இந்த மொழியைப் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எல்லாத் தப்பையும் செய்து முடித்தேன்.

முதல் தப்பு, வாக்கியத்துக்கு வாக்கியம் நெக் போடுவது. தமிழ் பேசுகிற நமக்கு இது வரவே கூடாது. ஆனால் பாடங்களெல்லாம் ஆங்கிலம் வழியாக வருவதால், ‘ஐ’ இருக்கிற இடத்திலெல்லாம் நெக்கைக் கொண்டுபோய் வைக்கிறோம். யூரோக்கில் ‘சாப்பிடுகிறேன்’ என்பது நெப்பெக்’. வேர் நெப், கடைசியில் இருக்கும் எக்’ தன்மை ஒருமை விகுதி. நம் ‘-ஏன்’ செய்யும் வேலையை அது செய்துவிடுகிறது. நெப்புய் என்றால் சால்மன் மீன், அதுவும் இந்த வேரிலிருந்து வந்ததே. மீன் சாப்பிடுகிறேன் என்று சாதாரணமாகச் சொல்ல நெப்பெக்’ நெப்புய் போதும். முன்னால் நெக் வைத்தால் தொனி மாறிவிடும். ‘யார் சாப்பிடுவது?’ என்று யாரோ கேட்டதற்கு ‘நான்தான்’ என்று சொல்வதுபோல, அல்லது ‘நீ எப்படியோ, நான் சாப்பிடுகிறேன்’ என்பதுபோல. நாள் முழுக்க ‘நான் எழுந்தேன், நான் குளித்தேன், நான் கிளம்பினேன்’ என்று பேசும் ஆளை நாம் எப்படிப் பார்ப்போம்? அப்படித்தான்.

இதை ஒட்டியே இன்னொன்று. ‘நானே’ என்பதில் உள்ள ஏகாரத்துக்கும் ‘நான்தான்’ என்பதில் உள்ள ‘தான்’ என்பதற்கும் ஈடாக ஒட்டு எது என்று அகராதியில் தேடிக்கொண்டிருந்தேன். அப்படித் தேட வேண்டியதே இல்லை. விகுதி ஏற்கெனவே ஆளைச் சொல்லிவிட்ட பிறகும் நெக் வந்து நிற்கிறதே, அந்த வருகையே அழுத்தம். தமிழிலும் ‘வந்தேன்’ என்பதற்கும் ‘நான் வந்தேன்’ என்பதற்கும் நடுவில் ஒரு மெல்லிய வித்தியாசம் உண்டல்லவா, அதைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

சரி, பாடம் புரிந்தது, இனி நெக்கையே தொட மாட்டேன் என்று எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அடுத்த குழி. யூரோக் வினைகளில் ஒரு பெரிய கூட்டம் விகுதியே ஏற்காது. ஸ்கெவோக் என்ற சொல் ‘வேண்டும், விரும்பு’ என்ற பொருளில் வரும். நான் என்றாலும் நீ என்றாலும் அவள் என்றாலும் அதே ஸ்கெவோக்தான். பேச்சின் போக்கிலிருந்து ஆள் யாரென்று தெரியாவிட்டால் நெக் ஸ்கெவோக் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். இங்கே நெக்கில் அழுத்தம் எதுவும் இல்லை, ஆளைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. மலையாளம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அங்கே வினையில் ஆள் விகுதி உதிர்ந்துபோனதால் ‘ஞான் வன்னு, நீ வன்னு, அவள் வன்னு’ என்று பெயர்தான் சுமையைத் தாங்குகிறது. யூரோக்கில் தமிழ் மாதிரி வினையும் உண்டு, மலையாளம் மாதிரி வினையும் உண்டு. ஆகவே நெக்கைப் பார்த்ததும் ‘அழுத்தம்!’ என்று முடிவுகட்டாதீர்கள், வினை எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

உச்சரிப்பில் நாம் அதிகம் சறுக்குவது நெப்பெக்’ போன்ற யூரோக் சொற்களில் ஒட்டி நிற்கும் அந்தச் சின்னக் குறியில் (’). அது அலங்காரம் இல்லை. நெக் என்பதில் கடைசி ‘க்’ சாதாரணமானது. நெப்பெக்’ என்பதில் தொண்டையை அடைத்துக்கொண்டு ‘க்’ வெடிக்க வேண்டும், குப்பியிலிருந்து தக்கை கழல்வதுபோல. ‘என்’ என்பதற்கு வரும் முன்னொட்டு ’நெ. இதில் அடைப்பு முன்னால் வருகிறது. ‘ஊ-ஊம்’ என்று மறுக்கும்போது நடுவில் தொண்டை ஒரு கணம் அடைபடுகிறதே, அதேதான். ’நெப்ஸெச் என்றால் என் அப்பா. அந்த அடைப்பை விழுங்கிவிட்டு, நெக்கும் ’நெயும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன என்று நினைத்துக்கொண்டு நான் கொஞ்ச காலம் ஓட்டினேன்.

‘நாங்கள்’ என்பதற்கு நெக்கஹ். ‘நாம்’ என்பதற்கும் அதுவே. கேட்பவரைச் சேர்த்தா, விட்டா என்ற பிரிவு யூரோக்கில் இல்லை, தேடி அலைய வேண்டாம்.

அப்புறம், நம் ஆட்களுக்கே உரிய ஒரு தப்பு. நெக், நான், இரண்டிலும் ‘ந’ இருக்கிறது, ஆகவே உறவு என்று கிளம்பிவிடுவது. ஒரு எழுத்தை வைத்துக் கல்யாணம் பேச முடியாது. 1913-ல் மொழியியலாளர் எட்வர்ட் சபீர், யூரோக்கும் அதன் பக்கத்து மொழி வியோட்டும் கண்டத்தின் கிழக்கே விரிந்து கிடக்கும் அல்கோன்கிய மொழிகளோடு உறவுடையவை என்று சொன்னபோது பெரிய எதிர்ப்பு வந்தது. அவர் காட்டியது ஒரு ‘ந’ அல்ல. யூரோக்கில் ’நெ, க்’எ, ’வெ, மெ என்று என், உன், அவர், யாரோ ஒருவர் என்ற வரிசை. அல்கோன்கிய மொழிகளின் மூலமொழியில் நெ, கெ, வெ, மெ. நாலும் அதே பொருளில், அதே வேலையில். அப்படியும் கேள்வி அடங்கியது 1958-ல் இன்னொரு மொழியியலாளரான மேரி ஹாஸ் இதைப் பற்றி எழுதிய பிறகுதான்.

கடைசியாக, கற்ற விதியை வைத்து யூரோக்காரர்களையே திருத்தப் போகாதீர்கள். தாய்மொழியாகப் பேசி வளர்ந்த முதியவர்களில் கடைசியானவராகக் கருதப்பட்ட ஆர்ச்சி தாம்ப்சன் 2013-ல் காலமானார். இன்று உள்ளூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள். அறிமுகம் செய்துகொள்ளும்போது ‘நெக் ’நெவ்’ என்று ஆரம்பித்துப் பெயரைச் சொல்வார்கள். ’நெவ் என்றாலே ‘என் பெயர்’, ‘என்’ அதற்குள்ளேயே இருக்கிறது. முன்னால் நெக் எதற்கு என்று நானும் பென்சிலால் அடித்துவைத்திருந்தேன். ‘நான், என் பேரு இன்னது’ என்று ஒருவர் எழுந்து நின்று சொல்வதை யோசித்துப் பார்த்தபோதுதான் அழிரப்பரைத் தேடினேன்.