ஜீப்பில் ஸ்டியரிங் ஆட்டம்: மண்ணிலிருந்து மேலே தேடுங்கள்

கானாடுகாத்தானிலிருந்து எங்கள் தோப்புக்குப் போகிற வழியில் ஒரு கண்மாய்க் கரை உண்டு. ஜீப் ஏறினால் இரண்டு பக்கமும் ஒரு முழம்தான் மிஞ்சும். போன மழைக்காலத்துக்குப் பிறகு அந்தக் கரையில் ஓட்டும்போது, நான் ஸ்டியரிங்கைத் திருப்பிய பின் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. ஒரு பட்டறையில் விட்டேன். ஸ்டியரிங் பாக்ஸின் (ஸ்டியரிங் தண்டின் சுழற்சியைச் சக்கரத்தைத் திருப்பும் அசைவாக மாற்றுகிற பெட்டி) மேலே இருக்கிற திருகை ஒரு சுற்று இறுக்கி, பத்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். ஆட்டம் குறைந்தது போலத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரமே பள்ளத்தூர் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை, கையால் இழுக்க வேண்டியிருந்தது. நெஞ்சு படபடத்துவிட்டது.

அப்புறம் தேவகோட்டைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினேன். "தம்பி, பாக்ஸைக் கடைசியாத் தொடு. சக்கரம் மண்ணைத் தொடுற இடத்துலேருந்து மேலே வா" என்றார். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகள், ஜிப்சி போன்றவற்றுக்கு இது பொருந்தும். முன்பக்கம் ஒரே தண்டாக அச்சு, அதன் கீழே ஸ்பிரிங் பட்டை, பாக்ஸ் வகை ஸ்டியரிங் என்று இருக்கும் வண்டிகள் இவை. 2020க்குப் பிறகு வந்த மஹிந்திரா தார் வண்டியில் ரேக் வகை ஸ்டியரிங், அதன் அமைப்பே வேறு. ஆனாலும் டயர், பேரிங், பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) பற்றிச் சொல்வது அதற்கும் உதவும்.

முதலில் நோயைப் பிரித்துப் பாருங்கள்

"ஸ்டியரிங் லூசு" என்று நாம் சொல்வதில் மூன்று தனித்தனித் தொல்லைகள் இருக்கின்றன. ஸ்டியரிங்கை ஆட்டினாலும் சக்கரம் அசையாமல் இருந்தால் அது ஆட்டம். பட்டறையில் பிளே என்பார்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தும் வண்டி இடமும் வலமும் போனால் அது அலைச்சல். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் முன்சக்கரங்கள் படபடவென்று அடித்துக்கொண்டால் அது உதறல். ஓடும்போது உதறல் வந்தால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாதீர்கள். உறுதியாகப் பிடித்தபடி ஆக்சிலேட்டரை விட்டு, மெல்ல வேகத்தைக் குறையுங்கள், அடங்கிவிடும்.

ஆட்டத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் சக்கரங்களை நேராக நிறுத்துங்கள். ஸ்டியரிங் வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். டயர் அசையத் தொடங்கும் வரை இருபக்கமும் மெல்லத் திருப்பி மொத்தத் தூரத்தைப் பாருங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் இன்ஜின் ஓட வேண்டும். பழைய பாக்ஸ் ஸ்டியரிங்கில் ஏறத்தாழ ஓர் அங்குலம் வரை நான் கவலைப்படுவதில்லை. இரண்டு அங்குலத்தைத் தொட்டுவிட்டால் சரிசெய்யாமல் சாலைக்குக் கொண்டுபோக மாட்டேன்.

டயர்

இதில் நேரம் அதிகம் போகாது. ஆனால் விட்டுவிடக் கூடாது. நம் பக்கம் சீமைக்கருவேல முள் டயரில் ஏறி உள்ளேயே ஒடிந்து நிற்கும். காற்று ஒரேயடியாகப் போகாமல் நாள்கணக்கில் கசியும். ஒரு பக்கம் காற்று குறைந்த வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். காட்டாற்று மணலில் ஏறுவதற்காகக் காற்றைக் குறைத்தவர்கள் தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி நிரப்பிவிட வேண்டும். நான்கு சக்கரத்தையும் வண்டிக்குச் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அலைச்சல் மட்டும்தான் தொல்லை என்றால் பாதிப் பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

ஆளுக்கொரு வேலை: மேலே ஒருவர், கீழே ஒருவர்

இந்தச் சோதனைக்குக் காசு செலவே இல்லை, உண்மையைச் சொல்வதும் இதுதான். வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும். ஜாக்கி வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை நிறுத்துங்கள். பவர் ஸ்டியரிங் வண்டி என்றால் மட்டும் இன்ஜின் ஓடட்டும். அப்போது விசிறி, பெல்ட் பக்கம் கையும் துணியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டுகளில் அப்பியிருக்கும் செம்மண்ணைத் துணியால் துடைத்துவிடுங்கள். எனக்கு மேலே உட்கார்ந்து உதவியவன் என் மச்சான். ஸ்டியரிங்கை மணி பத்துக்கும் இரண்டுக்கும் நடுவே இடைவிடாமல் ஆட்டச் சொல்லிவிட்டு நான் கீழே படுத்துக்கொண்டேன்.

இப்போது ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள். பார்த்தால் மட்டும் போதாது. மூட்டின் இரண்டு பாகமும் சேரும் இடத்தில் விரலை வையுங்கள். இரண்டும் ஒன்றாக அசைந்தால் மூட்டு நல்லது. ஒன்று அசைந்த பிறகு மற்றது அசைந்தால், நீங்கள் தேடியது அதுதான். விரலுக்குத் தெரிவது சில நேரம் கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்தில் தொடங்குங்கள்: இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் இரு முனைகள், அடுத்து பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான டிராக் லிங்கின் இரு முனைகள், அடுத்து பாக்ஸிலிருந்து தொங்கும் பிட்மேன் ஆர்ம், அது பாக்ஸில் இறுகும் பெரிய நட், பாக்ஸை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் பிடிக்கும் போல்ட்டுகள், கடைசியாக ஸ்டியரிங் தண்டின் இணைப்பு. மிகப் பழைய வண்டிகளில் நடுவே பெல் கிராங்க் என்று இன்னொரு மூட்டும் இருக்கும். தேய்வதில் அது முன்னால் நிற்கும்.

பாக்ஸே சேஸிஸோடு சேர்ந்து நெளிகிறதா என்று கவனமாகப் பாருங்கள். போல்ட் தளர்ந்திருந்தால் இறுக்கலாம். சேஸிஸில் விரிசல் இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, சேஸிஸ் வேலை தெரிந்தவரை வரவழையுங்கள்.

என் வண்டியில் குற்றவாளி டிராக் லிங்கின் முன்முனை. அதன் ரப்பர் உறையை முள் கிழித்திருந்தது. கிழிசல் வழியே மழைக்காலத்தில் கண்மாய்த் தண்ணீரும் கோடையில் செம்புழுதியும் உள்ளே போய், கிரீஸ் அரைத்த மாவு மாதிரி ஆகியிருந்தது. அந்தப் புழுதிதான் உப்புத்தாள் போல உள்ளே இருந்த உருண்டையைத் தேய்த்துவிட்டது. காடு கரை என்று ஓட்டுகிறவர்கள் மாதம் ஒருமுறை இந்த ரப்பர்களை மட்டுமாவது பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

ஜாக்கி போட்டபின்

அச்சின் கீழே ஜாக்கி கொடுத்து ஒரு முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்குக் கீழே கனமான மரக்கட்டையையோ ஸ்டாண்டையோ வையுங்கள். மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் பலகை.

சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆடினால், பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் பேரிங்தான் காரணம். நிற்காவிட்டால் சக்கரம் இடமும் வலமும் திரும்புகிற ஆணியான கிங் பின் பக்கம் தேய்மானம். இதைத் தெரிந்துகொண்டால் தேவையில்லாமல் ஒரு பேரிங் செட் வாங்குவது மிச்சம். பழைய ஜீப்பில் ஹப் நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, சக்கரம் பிடிக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, லாக் வாஷரை மடக்க வேண்டும். கிங் பின் வேலைக்கு ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) கணக்கு உண்டு. முதல் தடவை அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

அப்படியே ஸ்பிரிங் பட்டையையும் பார்த்துவிடுங்கள். பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ் தேய்ந்தாலோ, பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்தாலோ அச்சே இடம் மாறும், வண்டி அலையும். உயரம் கூட்ட நீளமான ஷேக்கிள் போட்ட வண்டிகளில் அச்சின் சாய்வு மாறி ஸ்டியரிங் நேருக்கு வரத் தயங்குவதும் உண்டு.

முனையை மாற்றுவது

தேய்ந்த முனையின் நட் கழலாமல் குறுக்கே செருகியிருக்கும் ஸ்பிளிட் பின்னைக் கழற்றி எறியுங்கள், அதை மறுபடி போடக் கூடாது. நட்டை முழுதும் கழற்றாமல் நாலைந்து மரையில் நிற்கவிடுங்கள். நட் ஏறியிருக்கும் தண்டின் நுனியில் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கிவிடும். அந்தத் தண்டு மாட்டியிருக்கிற துளைக்கண்ணின் பக்கவாட்டில் ஒரு கனமான சுத்தியலை முட்டுக்கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொன்றால் ஓங்கி ஒரு அடி. சாய்வுப் பிடி விட்டு 'டக்' என்று இறங்கும்.

பழைய முனையைச் சுற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். டை ராடின் ஒரு முனை இடது மரை, அது எதிர்த்திசையில் கழலும். புதியதையும் அதே எண்ணிக்கையில் ஏற்றினால் சக்கரங்களின் நேர் பெரிதாகக் கெடாது. ஆனாலும் டை ராடைத் தொட்டால் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். கடையில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் வாய்) உள்ள முனை கிடைத்தால் அதையே வாங்குங்கள். நம் புழுதிக்கு அதுதான் நிற்கும். நட்டை இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் துளை சேரவில்லை என்றால் இன்னும் சற்று இறுக்கிச் சேருங்கள். ஒருபோதும் தளர்த்திச் சேர்க்காதீர்கள்.

வளைந்த டை ராடை நெருப்பில் காட்டி நிமிர்த்துவதையும், வெல்டு வைத்து ஒட்டுவதையும் நான் ஏற்க மாட்டேன். யார் செய்து தருவதாகச் சொன்னாலும் புதியது வாங்குங்கள்.

கடைசியாக அந்தத் திருகு

இவ்வளவும் சரியாக இருந்து ஆட்டம் மட்டும் மிஞ்சினால் பாக்ஸுக்கு வாருங்கள். முதலில் பாக்ஸில் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். பழைய பாக்ஸ்களுக்குப் பெரும்பாலும் 90 கியர் ஆயில்தான். அடியில் ஈரம் இருந்தால் சீல் போயிருக்கிறது.

முன்சக்கரங்கள் இரண்டையும் தூக்கிக் கட்டை வைத்து, நேராகத் திருப்பிக்கொள்ளுங்கள். திருகை நகராமல் பிடிக்கும் லாக் நட்டைத் தளர்த்துமுன் திருகின் இப்போதைய நிலையை வெள்ளை பெயின்டால் குறித்து வையுங்கள். எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கிவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை சுற்றிப் பாருங்கள். நடுவில் கொஞ்சம் இறுக்கமாக உணர்வது இயல்பு. எங்காவது பிடித்தால் உடனே தளர்த்துங்கள். போதும் என்றதும் திருகு சுற்றாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இரண்டு மூன்று தடவை செய்தும் குறையவில்லை என்றால் உள்ளே தேய்ந்துவிட்டது, பாக்ஸைப் பிரிக்க வேண்டும். மேலும் இறுக்கினால் பள்ளத்தூர் வளைவில் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

ஓட்டிப் பார்த்தல்

ஆளில்லாத இடத்தில் இருபது கி.மீ. வேகத்தில் தொடங்குங்கள். இரண்டு பக்கமும் திருப்பி, பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானே நேருக்கு வர வேண்டும். பிரேக் மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பிறகு டேப்பும் ஸ்கேலும் வைத்து மறுபடி அளந்து, முதலில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். என் நோட்டில் இரண்டேகால் அங்குலத்துக்குப் பக்கத்தில் முக்கால் என்று இருக்கிறது. நூறு கி.மீ. ஓடியதும் கழற்றிய ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் வைத்து இன்னொரு முறை பார்த்தேன். பிட்மேன் ஆர்ம் நட் கால் சுற்று ஏறியது.