கார் நிக்கிற இடத்துல மழைத்தண்ணி தேங்குதா? தரையோட வாட்டம் (சரிவு) பார்த்து நீங்களே சரி பண்ணலாம்

மழை விட்டு ரெண்டு நாள் ஆகியும் கேட்டுக்கும் வாசப்படிக்கும் நடுவுல தண்ணி காயாம கிடந்தா அதை சும்மா விடாதீங்க, கொசு வரும், பாசி பிடிக்கும், சுவர் அடியில ஈரம் ஏறி பெயிண்ட் உப்பிக்கிட்டு வரும். சென்னையில எங்க வீட்டுல ஒரு ஐப்பசி மாசம் அம்மா அந்தப் பாசியில வழுக்கி விழுந்து கையில கட்டு போட வேண்டியதாயிடுச்சு, அதுக்கப்புறம்தான் நான் இதை ஒழுங்கா கத்துக்கிட்டேன்.

முதல் வேலை, எதையும் வாங்காதீங்க. அடுத்த மழைக்கு குடையை எடுத்துக்கிட்டு வெளிய போய் நில்லுங்க. தண்ணி எங்கிருந்து வருது, எந்தப் பக்கம் ஓடுது, எங்க நிக்குதுன்னு போன்ல வீடியோ எடுங்க. மழை நின்னதும் தேங்கின இடத்தைச் சுத்தி சாக்பீஸ்ல கோடு போட்டுடுங்க.

நிறைய வீட்டுல தண்ணி தரையில பெய்யுற மழையே இல்ல, மாடியில இருந்து பைப் வழியா கொட்டுறது. கணக்கு ரொம்ப சுலபம், 1 சதுர மீட்டர்ல 1 மி.மீ மழை பெஞ்சா 1 லிட்டர் தண்ணி. கார் நிக்கிற இடம் 10க்கு 20 அடின்னா 50 மி.மீ மழைக்கு 900 லிட்டர் சொச்சம்தான், அதே மழைக்கு 800 சதுர அடி மாடியில இருந்து 3,700 லிட்டர் வரும். அதனால மாடி பைப்போட வாயை தரையில விடாம, ஒரு எல்போ (வளைவுத் துண்டு) போட்டு 4 இன்ச் பிவிசி பைப்ல நேரா மழைநீர் குழிக்கோ சம்புக்கோ (தரைக்கு அடியில இருக்கிற தண்ணித் தொட்டி) கொண்டு போயிட்டீங்கன்னாலே பாதி பிரச்சனை அங்கேயே முடிஞ்சுடும். சம்புக்கு விடுறதா இருந்தா நடுவுல ஃபில்டர் வைக்கணும், முதல் மழைத் தண்ணியை வெளிய விட்டுடணும்.

அடுத்தது வாட்டம். வீட்டுப் பக்கம் உயரமாவும் கேட் பக்கம் தாழ்வாவும் தரை இருக்கணும், 8 அடிக்கு 1 இன்ச் இறக்கம் இருந்தா போதும், 20 அடிக்கு ரெண்டரை இன்ச் வரும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூப் ஹார்டுவேர் கடையில கிடைக்கும், காத்துக்குமிழ் இல்லாம தண்ணி நிரப்பி ஒரு முனையை வீட்டுச் சுவர்லயும் இன்னொண்ணை கேட் தூண்லயும் பிடிச்சு தண்ணி நிக்கிற மட்டத்தை பென்சில்ல குறிங்க, ரெண்டு குறியில இருந்தும் தரை வரைக்கும் டேப் வச்சு அளங்க. கேட் பக்கம் அளவு கூடுதலா வந்தா வாட்டம் சரி, குறைவா வந்தா தண்ணி வீட்டுக்குத்தான் ஓடி வரும்.

நடுவுல ஒரு இடம் மட்டும் பள்ளமா இருந்து, தரை பேவர் பிளாக்னா அது சுலபம். அந்தக் கல்லையெல்லாம் எடுத்துட்டு கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கும்போது வர்ற தூள்) போட்டு லேசா தண்ணி தெளிச்சு திமிசுக்கட்டையால நல்லா இடிச்சு, மட்டக்கோல் வச்சு பார்த்து திரும்ப அடுக்குங்க. சிமெண்ட் தரைன்னா மேல லேசா கலவை பூசிட்டு போற வேலையை தயவுசெஞ்சு செய்யாதீங்க, ஒரு வருஷத்துலயே அப்பளம் மாதிரி உரிஞ்சு வரும். பழைய தரையை கொத்திவிட்டு, கழுவி, சிமெண்ட் பால் (தண்ணியில கரைச்ச சிமெண்ட்) ஊத்தி, அப்புறம் குறைஞ்சது 1 இன்ச் கனத்துக்கு போடுங்க, ஒரு வாரமாவது தண்ணி விட்டு நனைங்க.

ரோடு உயர்ந்து போய் வீடு பள்ளத்துல இருக்கிற கதைதான் மனசுக்குக் கஷ்டமானது. பழைய ரோட்டை சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும்னு 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு எழுத்துபூர்வமா சொல்லியிருந்தார், உங்க தெருவுல வேலை ஆரம்பிக்கும்போதே அதைச் சொல்லி கேளுங்க, கேக்குறது நம்ம உரிமை. ஏற்கனவே ரோடு உயர்ந்துட்டா, கேட்டுக்கு நேரா ரோட்டு மட்டத்தை விட கொஞ்சம் உயரமா ஒரு மேடு கட்டுங்க, அதுக்கு உள்பக்கம் கேட்டோட முழு அகலத்துக்கும் 6 இன்ச் அகலத்துல ஒரு வாய்க்கால் வெட்டி கார் ஏறினாலும் தாங்குற இரும்பு ஜாலி போடுங்க. வாய்க்காலோட அடியும் ஒரு பக்கமா வாட்டமா இருக்கணும், இதை மறந்துட்டா வாய்க்கால்லயே தண்ணி நிக்கும்.

அந்தத் தண்ணியை எங்க விடுறது? சாக்கடை மேன்ஹோல்ல மட்டும் விடவே கூடாது, பெருமழையில அது நிரம்பி நம்ம பாத்ரூம் வழியாவே திரும்பி வரும். குழிதான் நல்லது. 2003லயே மழைநீர் சேகரிப்பை தமிழ்நாட்டுல கட்டாயமாக்கிட்டதால உங்க வீட்டுலயும் ஒரு குழி பேவர் பிளாக்குக்கு அடியில அடைஞ்சு கிடக்கலாம், தோண்டுறதுக்கு முன்னாடி அதைத் தேடுங்க. புதுசா போட்டா 3 அடி அகலம் 5 அடி ஆழம், செப்டிக் டேங்க், அஸ்திவாரம் ரெண்டையும் விட்டு தள்ளி. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி மணல் தரையில இதுவே போதும். மேற்கு மாம்பலம், விருகம்பாக்கம் மாதிரி களிமண்ணுன்னா குழியோட அடியில இன்னும் 10, 15 அடிக்கு ஒரு துளை போட்டு ஜல்லி நிரப்பணும், இல்லேன்னா தண்ணி இறங்காது.

எல்லாம் முடிஞ்சதும் வீட்டு ஓரத்துல நாலு பக்கெட் தண்ணி ஊத்தி பாருங்க, எங்கேயும் நிக்காம ஜாலிக்கு போகணும். வருஷா வருஷம் புரட்டாசியில ஜாலியைத் தூக்கி மண்ணையும் வேப்பிலைக் குப்பையையும் அள்ளிடுங்க.